முன்னேறிய மாநிலம்

"நீ உள்ள வராத டார்லா. வீட்டுக்குப் போயிடு."

சுகாதாரத் துறை அரங்கின் வாசலில் கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றாள் வெர்னா. அதே துறையில்தான் அவளுக்கு வேலை. மாநிலத்தில் விபத்தில் இறக்கும் குழந்தைகளின் கணக்கைத் தொகுப்பது அவள் பிரிவு.

டார்லாவின் முகம் சிவந்துவிட்டது. அவளுடைய நான்கு வயது மகள் கேசி, வாடகைக் குடியிருப்பின் வேலியில்லாத நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தவள். கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த டார்லாவைத் தேடி வந்து, பேச வைத்தவளே வெர்னாதான். குளத்துக்கு வேலி போடுங்கள், துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள் என்று சொல்லி இருவரும் ஏறி இறங்காத தேவாலயம் இல்லை.

"அழறதுக்கு மட்டும் நான் வேணும். நல்ல சேதி வந்த அன்னைக்கு வெளிய நிக்கணுமா?" என்றாள் டார்லா.

வெர்னா கையை எடுக்கவில்லை.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மேடைக்குத் தன்னைக் கூப்பிடவில்லை என்று இவளுக்கு வயிற்றெரிச்சல் என்றார் ஒருவர்.

இயக்குநர் ஹாஸ்கெல் விரைந்து வந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இப்படியா நடப்பது என்று எல்லோர் முன்னாலும் வெர்னாவைக் காய்ச்சி எடுத்தார். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் வேலை இருக்காது என்றார்.

வெர்னா பேசினாள். டார்லாவின் காதருகே குனிந்து, மெதுவாக, சில வார்த்தைகள்தான்.

டார்லா அவளையே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேடையில் ஹாஸ்கெல் முழங்கினார். குழந்தைகளின் விபத்துச் சாவில், ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதாவதாகக் கிடந்த நம் மாநிலம், ஒரே வருடத்தில் நாற்பத்திரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது. அடுத்து தடுப்பூசியிலும் பிரசவ மரணத்திலும் ஏறிக் காட்டுவோம்.

"குட்டிப் பொண்ணு கேசியோட உயிர் வீணாப் போகல," என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். ஹாஸ்கெல் டார்லாவை மேடைக்கு அழைத்து, தோளில் கை போட்டு, மைக்கைக் கொடுத்தார்.

டார்லா அந்தக் கையை விலக்கினாள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நம்ம மாநிலத்துல போன வருஷம் எத்தனை பிள்ளைங்க செத்தாங்களோ, இந்த வருஷமும் அத்தனை பேர்தான். ஒண்ணுகூடக் குறையல. இது இவருக்கும் தெரியும்."

ஹாஸ்கெல் மைக்குக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"நம்மள விடக் கம்மியா இருந்த ஏழு மாநிலத்துல இந்த வருஷம் நம்மள விட அதிகமா பிள்ளைங்க செத்திருக்காங்க. அதுக்குத்தான் இப்ப எந்திரிச்சு நின்னு கை தட்டினீங்க."