கேஸ்தான்

அக்கா தலையைப் பின்னிவிடச் சொன்னாள்.

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் பாதி இட்லி மிச்சமிருந்தது. நான் பின்னால் நின்று சிக்கெடுத்தேன்.

"மெல்லடி. பித்தப்பையத்தான் எடுக்கச் சொன்னோம், முடிய இல்ல."

பக்கத்துக் கட்டில் பெண் சிரித்தாள். அக்காவும் சிரிக்கப் போய், வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னலை முடிப்பதற்குள் தோள் வலிக்கிறது என்றாள்.

தோள் வலிக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பொறுமையான மனிதர். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கருவியை எடுத்துக் காட்டினார். பென்சிலைவிட மெல்லிய, நீளமான கம்பி. ஒரு முனையில் கத்தரிக்கோலுக்கு இருப்பதுபோல விரல் வளையங்கள். மறுமுனையில் குருவியின் அலகு அளவுக்கு ஒரு வாய்.

அக்கா அதைக் கேட்டு வாங்கினாள். இங்கே அழுத்தினால் அங்கே வாய் திறந்தது. விட்டால் மூடியது. மேசையில் கிடந்த ரப்பர் பேண்டைக் கவ்வித் தூக்கிக் காட்டினாள்.

"ஆபரேஷன நீங்களே பண்ணிக்குவீங்க போலிருக்கே," என்றார் டாக்டர்.

இந்தக் கம்பிகள் வேலை செய்ய உள்ளே இடம் வேண்டும். அதற்காக ஒரு மெஷின் வயிற்றுக்குள் கேஸை நிரப்பும். வயிறு பந்தல் போல மேலே எழும்பும். பிறகு கேமரா போகும், விளக்கு போகும், கம்பிகள் போகும். முடிந்ததும் கேஸை வெளியே விட்டுவிடுவார்கள். கொஞ்சம் உள்ளேயே தங்கும். அது தோளில் வலியாகத் தெரியும். பயப்படக் கூடாது. நடந்தால் சரியாகிவிடும்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"தாடையும் கடுக்குதுடி," என்றாள் அக்கா.

தாடையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு நர்ஸ் மேசைக்குப் போனேன்.

"கேஸ்தான்க்கா. நடக்கச் சொல்லுங்க."

"தாடை வலிக்குதுங்கிறா, சிஸ்டர்."

"கேஸ் எங்க வேணாலும் போகும்க்கா."

திரும்பி வந்தேன். அக்காவின் மேலுதட்டில் வியர்வை துளித்துளியாக நின்றது. தலைக்கு மேலே மின்விசிறி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடியும் போனேன். இந்த முறை நர்ஸ் நிமிரவில்லை. டியூட்டி டாக்டர் வருவார் என்றாள்.

வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"ஷோல்டர்தானே?"

தாடை என்றேன். வியர்க்கிறது என்றேன். ராத்திரி இப்படி இல்லை என்றேன்.

"லேப்ராஸ்கோப்பில இதெல்லாம் சகஜம்மா. கேஸ்தான்."

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்களில் பேச்சு நின்றது. அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இருடி. மானத்த வாங்காத. அவங்களுக்குத் தெரியாததா?"

டியூட்டி டாக்டர் போய்விட்டார்.

அக்கா எழுந்து நின்றாள். நடந்தால் சரியாகிவிடும் அல்லவா. பாதிப் பின்னல் முதுகில் பிரிந்துகொண்டே போக, வராந்தாவில் நடந்தாள். என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஜன்னல் வரை போனாள். கம்பியைப் பிடித்தாள்.

அப்படியே உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு எல்லோரும் ஓடி வந்தார்கள். இதயத் துடிப்பைப் பார்க்கும் மெஷினை மாடியிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதன் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

மாரடைப்பு என்றார்கள்.

ஆபரேஷன் செய்த டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கண்களும் சிவந்திருந்தன. ஆபரேஷன் வீடியோவைப் போட்டுக் காட்டினார். திரை முழுக்க அக்காவின் உள்பக்கம், மஞ்சளும் சிவப்புமாக, ஈரமாக மின்னியது. ஒரு கம்பி பித்தப்பையைத் தூக்கிப் பிடித்தது. இன்னொன்று மெல்லிய சவ்வை உரித்து விலக்கியது. சின்னச் சின்ன கிளிப்புகள் போட்டார்கள். கத்தரித்தார்கள். ஒரு பைக்குள் போட்டு வெளியே இழுத்தார்கள்.

"பாருங்க. எங்கயாவது ரத்தக் கசிவு இருக்கா?"

இல்லை. அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை நான் பார்த்ததில்லை.

"தாடை வலிக்குதுன்னு சொன்னோமே டாக்டர்."

அவர் வீடியோவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார். கிளிப் போட்ட இடத்தை மறுபடியும் காட்டினார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

"கூடவே இருந்தியே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் அத்தை."

"நல்லாச் சொல்லியிருக்கணும்."

எப்படிச் சொன்னால் அது நல்லாச் சொல்வது என்று அத்தை சொல்லவில்லை. காபியில் சர்க்கரை போதவில்லை என்றார். போட்டுக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியம். கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. நான் எச்சில் இலைகளை மடித்து எடுத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார்.

"வாழைக்காயப் போட்டுக் கொன்னுட்டானுங்க. கேஸ் ஏறிக்கிச்சு."

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் சோடா என்றார். ஒருவர் மோரில் பெருங்காயம் என்றார். மாமா எழுந்து போய் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். ஏப்பம் வரவில்லை. இன்னொரு தட்டு தட்டச் சொல்லி யாரோ சிரித்தார்கள்.

சித்தப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

இலைகளைக் கீழே போட்டேன். கையைக்கூடக் கழுவாமல் அவர் முன்னால் போய்க் குந்தினேன்.

"எங்க வலிக்குது சித்தப்பா?"

"கேஸ்தாம்மா."

எங்கே என்றுதான் கேட்டேன்.