ஆடு அறுக்க ஓர் ஆள்

"தம்பி, கழுதையைக் கொஞ்சம் நிறுத்துங்க! ஒரு ஆட்டை அறுத்துக் கொடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்!"

வேலிப் படலைத் திறந்துகொண்டு கத்தியும் கையுமாக ஓடி வந்த பெண்ணைக் கண்டு கழுதையே மிரண்டது. உப்பு வியாபாரி ஸெய்னு மென்ஸ் மலைக்கு வருவது இதுதான் முதல் தடவை. நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டான்.

"வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாக்கா?"

"அறுக்க ஆள் இருந்தா வழியில போற உங்களை ஏன் கூப்பிடறேன்? பிள்ளைங்க அடிஸ் அபாபாவுல. வருஷா வருஷம் பக்கத்து வீட்டு பெலெதெ அறுத்துக் கொடுப்பான். இந்தத் தடவை இடுப்புப் பிடிச்சிருக்காம். அவன் தம்பிக்குக் கத்தி மழுங்கிப் போச்சாம். ஈஸ்டர் அன்னைக்குத்தான் ஊர் மொத்தத்துக்கும் நோவு வருது!"

அந்தப் பெண் அஸ்கலெ சொன்னதில் பொய்யில்லை. அந்த மலையில் பெண் கை ஆட்டை அறுப்பதில்லை. நீண்ட நோன்பு விடியற்காலையில் முடிந்துவிட்டது. மலைச்சரிவில் எல்லா வீட்டுக் கூரையிலிருந்தும் கறி வாசனை கிளம்பிவிட்டது. அவள் வீட்டில் மட்டும் வெங்காயமும் மிளகாயும் நெய்யில் வதங்கி, கறிக்காகக் காத்துக் கிடந்தன. ஆடு வேலியோரம் நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

"நான் அறுத்துடுவேன், நீங்க சாப்பிடணுமே. நான் முஸ்லிம்க்கா."

அந்தப் பக்கத்தில் முஸ்லிம் அறுத்ததைக் கிறிஸ்தவர் தொடமாட்டார்கள், கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம் தொடமாட்டார்கள். அஸ்கலெ தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! அறுக்கத் தெரிஞ்ச ஒரே ஆளும் ஆகாத ஆளா?"

ஸெய்னு சிரித்துவிட்டான். பிறகு வேலிக்கு அப்பால் கை காட்டினான். வாற்கோதுமை வயலோரம், ஒரு பாறைமேல் நரைத்த தாடிக்காரர் ஒருவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "அவர் கழுத்துல கறுப்புக் கயிறு தெரியுதே, கிறிஸ்தவர்தானே? அவரைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"தெசெமாவையா? அந்த ஆளோட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. செத்துப்போன என் அண்ணன் கொடுத்த பெட்டை ஆடு. என்னை ஒரு வார்த்தை கேக்காம சந்தையில வித்துட்டாரு."

"அடுத்தவங்க ஆட்டையா! ஊர்ப் பெரியவங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். நாலு பேர் வந்தாங்க. ரெண்டு பேர் மேலயும் தப்புன்னாங்க. நான் காய்ச்சின பீரைக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க. மூணு ஈஸ்டர் ஆச்சு."

ஸெய்னுவுக்கு மனசு கேட்கவில்லை. பாறைக்குப் போனான்.

"அண்ணே, அந்த அக்காவோட ஆட்டை..."

"கூப்பிட்டா வருவேன்" என்றார் தெசெமா, தலை நிமிராமல். "அந்தப் பெட்டைக்குக் கழிச்சல். செத்தா எதுக்கும் ஆகாதுன்னு வித்தேன்."

"சொல்லிட்டு வித்திருக்கலாமே?"

தெசெமா கத்தியை இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார். "சொல்லியிருக்கலாம்."

"அதை அவங்ககிட்டயே சொல்லுங்களேன்."

"அவ கேட்டாத்தானே!"

ஸெய்னு திரும்பி ஓடி வந்து சேதி சொன்னான். அஸ்கலெ ஆட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "நான் யாரையும் கூப்பிடல. அறுக்கறவங்க வந்தா, தடுக்கவும் மாட்டேன்."

தெசெமா எழுந்து வந்தார். அவள் ஆட்டின் கால்களைப் பிடித்தாள். அவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயர் சொல்லி அறுத்தார். தோலை உரித்து, கறியைப் பிரித்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை இல்லை. கை கழுவிக்கொண்டு, பழையபடி பாறைக்கே போய்விட்டார்.

குழம்பு கொதித்தது. பண்டிகைச் சாப்பாடு என்றால் ஒரே பெரிய தட்டு. அதில் விரித்த அகலமான இஞ்ஜெரா ரொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிச் சாப்பிடுவார்கள். சாவு வீட்டில்கூட யாரும் தனித் தட்டில் சாப்பிடுவதில்லை. அஸ்கலெ ரொட்டியை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைச் சின்னத் தட்டில் வைத்தாள். ஈரலும் நல்ல துண்டுகளும் அந்தத் தட்டுக்கே போயின.

"அறுத்த கைக்கு ஏதாவது கொடுக்கணுமில்ல. கொண்டுபோய்க் கொடுத்துடுங்க தம்பி."

தெசெமா முதல் வாயை எடுத்து வைக்கும்வரை அவள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகுதான் உட்கார்ந்து தன் பாதியைப் பிட்டாள். ஸெய்னு காபி குடித்து, வறுத்த வாற்கோதுமை கொறித்தபடி வாசலுக்கும் பாறைக்கும் மாறி மாறித் தலையைத் திருப்பினான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் இரண்டு பேர், இரண்டு தட்டு. இப்படி ஒரு பண்டிகையை அவன் எங்கும் பார்த்ததில்லை.

மழை தூற ஆரம்பித்தது. ஸெய்னு மூட்டையை இறுக்கிக் கட்டிவிட்டுப் பாறையைப் பார்த்துக் கத்தினான். "அண்ணே, நனையாதீங்க! வீடு ரொம்ப தூரமா?"

தெசெமா காலித் தட்டை எடுத்துக்கொண்டு, படலைத் திறந்து உள்ளே வந்தார். அஸ்கலெயைத் தாண்டிப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில், பார்க்காமலே கை நீட்டித் தன் போர்வையை மாட்டினார்.

ஸெய்னு திறந்த வாயை மூடவில்லை.

"என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் அஸ்கலெ. "பேச்சுவார்த்தை கிடையாதுன்னுதானே சொன்னேன். கட்டின புருஷன் இல்லைன்னா சொன்னேன்?"