சிவப்புத் தொப்பிக்காரி

"இவளுக்கு வேற இடமே கிடைக்கலையா? என் புருஷன் முதுகுக்குப் பின்னாடிதான் வரணுமா?"

நாஹீத் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலை. தெஹ்ரானில் பாதிப் பேர் மலையில்தான் இருப்பார்கள். ஜம்ஷீதியே பூங்காவின் கல் படிகள் முடிகிற இடத்திலிருந்து மேலே எங்கும் புதுப் பனி. முதலில் போகிறவர் அதை மிதித்துக் குழி போட வேண்டும். மற்றவர்கள் அந்தக் குழிகளிலேயே கால் வைத்து வரிசையாகப் பின்னால் போவார்கள். முதுகு ஒடிகிற வேலை என்பதால் முறை வைத்து ஆள் மாறிக்கொள்வது வழக்கம்.

இன்று முன்னால் ஈரஜ், நாஹீதின் கணவர். அவர் பின்னால் கீதி. மலையேறும் குழுவில் புதிதாகச் சேர்ந்தவள், சின்ன உருவம், தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. அவளுக்கும் பின்னால்தான் நாஹீத்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஈரஜுக்கு ஒட்டக நடை. அவர் போட்ட குழிக்குக் குழி தாவித் தாவியேதான் நாஹீத் இந்த மலை ஏறியிருக்கிறாள். "கொஞ்சம் கிட்டக் கிட்ட வைங்களேன்" என்றால், "தாவினாத்தான் உடம்பு சூடாகும்" என்பார்.

இன்றைக்கு என்னடாவென்றால், குட்டிக் குட்டி அடி. பின்னால் வருகிறவள் குள்ளம் என்று அளந்து அளந்து வைக்கிறார் மனுஷன். நமக்கு ஒரு நாளாவது இப்படி நடந்திருப்பாரா?

அவளாவது ஒழுங்காக நடக்கிறாளா, அதுவும் இல்லை. ஒவ்வொரு குழியிலும் இரண்டு மிதி, குதிகாலால் ஓர் அழுத்து. என்னமோ கல்யாண வீட்டில் ஆடுகிற மாதிரி. காலையில் பூங்கா வாசலில் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்ததும், தன்னைப் பார்த்ததும் கப்சிப் என்று ஆனதும் நாஹீதுக்கு நினைவு வந்தது.

இதனால்தான் நாஹீத் தன் இடது முட்டி வலியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் "வீட்ல இரு" என்பார். அப்புறம் மலையில் அவரும் சிவப்புத் தொப்பியும்தான். போன வாரம் இறங்கும்போதுகூட, எல்லாரும் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, கல் படிகளில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினாள்.

பின்னாலிருந்து குழு நண்பர் ஹூஷங் குரல் கொடுத்தார். "ஈரஜ், முறை மாத்தலாம்பா. நான் முன்னாடி வரேன்."

"வேணாம். உன் கால் நீளத்துக்கு யாரால ஈடு கொடுக்க முடியும்?"

"உன் கால் மட்டும் குட்டையோ? இந்தப் பூனை நடையில போனா நாம சாயங்காலம்தான் டீ குடிப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். கீதி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். நாஹீத் சிரிக்கவில்லை.

பாதி வழியில் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்தார்கள். சூடான பருப்புக் கஞ்சி வந்தது. கீதி பெஞ்சின் ஓரத்தைத் துடைத்துவிட்டு, "நாஹீத் ஜான், இங்க உக்காருங்க. காலை நீட்டிக்கலாம்" என்று 'ஜான்' போட்டுச் செல்லமாகச் சொன்னாள்.

"என் காலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

எனக்கு வயசாகிவிட்டது என்று அவருக்குக் காட்டுகிறாளாக்கும்.

கஞ்சி தீர்வதற்குள் நாஹீத் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். கிளம்பும்போது கீதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலில் தேன் சொட்டியது.

"கீதி ஜான், கடைசியா வர்றவங்கதான் குழுவுக்கே காவல். யாராவது வழுக்கி விழுந்தா தூக்கணும். உன்னை விட்டா நம்பிக்கையான ஆள் எனக்கு யாரு இருக்கா? மேல போற வரைக்கும் நீ பின்னாடி வாம்மா."

கீதி தயங்கினாள். ஈரஜைப் பார்த்தாள். கண்ணாலேயே உத்தரவு கேட்கிறாள் பார், என்று நாஹீதுக்கு மறுபடியும் எரிந்தது.

"உங்க பேச்சு என் கண் மேல" என்று பணிவாக ஒப்புக்கொண்டு கீதி கடைசிக்குப் போனாள்.

இப்போது ஈரஜுக்குப் பின்னால் நாஹீத்தான். ஜெயித்துவிட்டாள்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பாள். காலை வைத்த குழி பொலபொலவென்று உள்ளே போனது. இடது கால் முழங்கால் வரை புதைந்தது. உருவி எடுத்தாள். அடுத்த குழியும் அப்படியே. டீக்கடை வரைக்கும் படி மாதிரி கெட்டியாக இருந்த வழி, இங்கே மாவு மாதிரி சரிந்தது. வலி இடுப்பு வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் ஈரஜின் அடி மட்டும் மாறவில்லை. அதே குட்டி அடி.

பொறுக்கவில்லை. "அவதான் கடைசிக்குப் போயிட்டாளே" என்றாள். "இன்னும் யாருக்காக இந்தப் பூனை நடை?"

ஈரஜ் நின்றார். மூச்சு வாங்கியது.

"உன் இடது முட்டிக்குத்தான்."

"அது... உங்களுக்கு யாரு சொன்னது?"

"போன வாரம் நீ படியில பக்கவாட்டுல இறங்கினதைப் பார்த்தவ சொன்னா. 'அவங்ககிட்ட எதுவும் கேக்காதீங்க, எல்லார் முன்னாலயும் சங்கடப்படுவாங்க. நீங்க கிட்டக் கிட்ட அடி வைங்க, கால் புதையாம நான் குழியை இறுக்கி மிதிச்சுக் கொடுக்கறேன்'னா."

ஈரஜ் அவள் தோளுக்கு மேலே வரிசையின் கடைசியைப் பார்த்தார்.

"அவளைத்தான் நீ பின்னாடி அனுப்பிட்டே."