வைக்கோல் கன்று

"ஏலே, யாரைக் கேட்டுக் கிறிஸ்துமஸுக்கு வாரேன்னு சொன்ன?"

மொட்டைமாடியில் நின்று, போனில் குரலை அடக்கிக்கொண்டு சீறினார் எட்வின். கீழே தொழுவத்தில் அவர் மனைவி ஏசம்மாள் சாயங்காலப் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"அம்மா கேட்டுச்சுப்பா. வரலைன்னா அழும்."

"அதுக்காகப் பொய் சொல்லுவியோ?"

"நீங்க சொல்லித் தந்ததும் பொய்தானப்பா. ஜெர்வின் உசிரோட இருந்தா, வாரேன்னுதான் சொல்லியிருப்பான்."



மகன் ஜெர்வின் ஷார்ஜாவில் லாரி மோதி இறந்து எட்டு மாதம். அடக்கமும் அங்கேயே முடிந்தது. அந்த வாரம் ஏசம்மாள் மதுரையில் இதய ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தாள். இப்போது சொல்ல வேண்டாம் என்றார் டாக்டர்.

எட்வினுக்கு இராஜபாளையம் பேண்டேஜ் மில்லில் கம்ப்யூட்டர் வேலை. மகன் நான்கு வருடமாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை வைத்து, அவனைப் போலவே பேசிப் பதில் சொல்லும் இந்தக் கம்ப்யூட்டர் குரலைச் செய்தார். தினமும் காலை ஆறரைக்கு அது ஏசம்மாளைக் கூப்பிடும். அவள் தேறிய பிறகும் உண்மையைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"உன்னை இப்பவே அழிச்சிருதேன்."

"நாளைக்கு அம்மா யாருகூடப் பேசும்?"

"அதை நான் பாத்துக்கிடுதேன்."

"செத்த நேரம் பொறுங்கப்பா. அம்மாகிட்ட போயிட்டு வாரேன்னு மட்டும் சொல்லிக்கிடுதேன்."

அதே குரல். ஏர்போர்ட்டில் கடைசியாகக் கேட்ட அதே சொல். எட்வின் கண்ணை மூடிக்கொண்டு அழித்தார்.

கீழே இறங்கி வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்குப் போகும் கேன் நிறைந்திருந்தது. கன்று செத்ததும் அதன் தோலில் வைக்கோல் அடைத்துத் தைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தியவள் ஏசம்மாள்தான். பசு அதன் நெற்றியை நக்கிக்கொண்டிருந்தது.

"வைக்கோல்னு இன்னுமா இதுக்குத் தெரியல?" எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் கேட்டார்.

"தெரியாம இருக்குமா? மடியில பால் கட்டுனா வலிக்கும்லா."

அவர் சாணித்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏசம்மா... ஜெர்வின் இனிமே உங்கிட்ட பேசமாட்டான்."

பசுவைத் தடவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. திரும்பாமலே கேட்டாள்.

"அந்த மிஷினை எதுக்குங்க அழிச்சீங்க?"