பதிமூன்று வயதுக்கான வாத்து

"பதிமூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு" என்று டைப் அடித்து ஒட்டியிருந்த புத்தகத்தைத் திறந்தார் திருநாவுக்கரசு.

பக்கம் முழுக்க ஒரு வாத்து. கீழே கொட்டை எழுத்தில், "வாத்து நீந்துகிறது."

அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வாத்து கரையேறியிருந்தது.

"காதர் பாய், இதைக் கொஞ்சம் பாருங்க."

தீவில் டெய்ரி ஃபார்ம் பகுதித் தமிழ் மன்றத்துக்கு அவர் செயலாளர். பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர், பொருளாளர். மன்றத்தின் பின்னறைதான் பிள்ளைகளின் நூலகம். மதராஸ் கப்பலில் வந்த புதுப் புத்தகங்களை இறக்கி வைக்க வந்தவர்கள், பழைய அலமாரியையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

காதர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கீழ்த்தட்டிலிருந்து இன்னொரு புத்தகத்தை உருவினார். அதே பழுப்புக் காகித அட்டை. உள்ளே அதே வாத்து. மேலே ஒட்டியிருந்த சீட்டு மட்டும் வேறு: "ஐந்து வயதினருக்கு."

"என் கடையில அரிசி மூட்டை மேல பருப்புன்னு எழுதி வெச்சா ஜனம் அடிக்க வந்துடும் சார். இங்க ஒரே சரக்குக்கு ரெண்டு பேரு."

இருவரும் ஜெயமணியைப் பார்த்தார்கள்.

ஜெயமணி அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் மரைன் ஹில்லிலிருந்து வந்து நூலகத்தைத் திறப்பது, அட்டை போடுவது, எந்த வயதுக்கு எது என்று சீட்டு ஒட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

"ஏம்மா, பார்த்து ஒட்டுங்கன்னுதானே சாவியை உங்ககிட்ட கொடுத்தோம்?"

"பார்த்துத்தான் சார் ஒட்டினேன்."

"எதைப் பார்த்து? புத்தகத்தையா, கூரையையா?"

காதர் சிரித்தார். ஜெயமணி சிரிக்கவில்லை.

"மதராஸ்ல பதிமூணு வயசுப் பிள்ளை சரித்திரக் கதை படிக்குது. நாம இங்க வாத்தைக் காட்டிக்கிட்டிருக்கோம். என் பொண்ணு சுசீலாவும் இந்தி ஸ்கூல்தான். ஆனா வீட்டுல எந்நேரமும் நம்ம நூலகப் புத்தகமும் கையுமாத்தான் இருக்கா. சாப்பிடக் கூப்பிட்டா, இன்னும் ஒரு பக்கம்ப்பாங்குறா. அப்படிப் படிக்கிற பிள்ளைங்களை ஏமாத்தலாமா?"

ஜெயமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வராந்தாவில் புத்தகத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகள் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "தப்புதான் சார்" என்றார்.

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? அடுத்த வாரத்திலிருந்து நம்ம மன்றத்துச் சிவஞானம் பார்த்துக்கட்டும். சாவியைக் கொடுத்துடுங்க."

சாவி மேஜைக்கு வந்தது. திருநாவுக்கரசு "பதிமூன்று" என்று ஒட்டியிருந்தவற்றை எடுத்து ஒவ்வொரு சீட்டாகக் கிழித்துத் தரையில் போட ஆரம்பித்தார்.

ஜெயமணி எழுந்துபோய் வராந்தாக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சாவி போனாப் போகட்டும் சார். சீட்டைக் கிழிக்காதீங்க."

"ஏன், பொய்ச் சீட்டுக்குக் காவலா?"

"பெரிய பிள்ளைங்க பேசுறது நல்ல தமிழ்தான். படிக்கத்தான் தெரியாது. ஸ்கூல்ல எல்லாப் பாடமும் இந்தியிலதான். அதுங்களுக்கு வாத்திலிருந்துதான் ஆரம்பிக்கணும். ஆனா அஞ்சு வயசுன்னு ஒட்டின புத்தகத்தைப் பதிமூணு வயசுப் பொண்ணு இத்தனை பிள்ளைங்க முன்னாடி எடுத்துக்கிட்டுப் போவாளா? ஒருத்தி வாராவாரம் வருவா. கீழ்த்தட்டுக்கிட்ட நிப்பா. வெறுங்கையோட போயிடுவா. இன்னொரு பிரதியில சீட்டை மாத்தி ஒட்டி மேல்தட்டுல வெச்சேன். அன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போனா."

காதர் கையிலிருந்த வாத்தை மூடினார். "யார் வீட்டுப் பொண்ணு தங்கச்சி?"

"பேரு எதுக்கு பாய்?"

கதவு திறந்தது. சுசீலா.

"ஆன்ட்டி, யே கதம். முழுசா முடிச்சுட்டேன். புதுசு குடுப்பீங்களா?"

அப்பா இருப்பதைப் பார்த்ததும் முகம் இன்னும் மலர்ந்தது. கையிலிருந்ததை அவர் முன்னாலேயே வைத்தாள். பழுப்பு அட்டை. பதிமூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு.

திருநாவுக்கரசு திறந்தார். ஒரு ஆடு. "ஆடு இலை தின்கிறது." ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, பென்சிலால் பொடியாக, இந்தி எழுத்தில் அதே சொல். புரட்டிக்கொண்டே போனார். கடைசிச் சில பக்கங்களில் பென்சில் இல்லை.

அதற்குள் சுசீலா தரையைப் பார்த்துவிட்டாள்.

"சீட்டெல்லாம் ஏன் ஆன்ட்டி கீழ கிடக்கு?"

ஜெயமணி குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினார்.

"ஒண்ணுமில்லம்மா. உப்புக் காத்துல விட்டுப் போச்சு," என்ற திருநாவுக்கரசு, சாவியை ஜெயமணி பக்கம் நகர்த்திவிட்டு, பசை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.