டிக்கி மேல் ஒரு கை

தும்யாத் ஊரில் கண்ணேறு படாமல் பிழைத்திருக்க விலை பதினாலாயிரம் பவுண்டு. நன்றாகக் கொழுத்த செம்மறிக் கிடா ஒன்றின் விலை அது.

புதுக் கார் வந்த அன்றே அந்த விலையைக் கொடுத்துவிட்டதாக மரச்சாமான் கடை ரிஃபாத் தன் மனைவி வீட்டாரிடம் சொல்லியிருந்தார். சாட்சியும் இருந்தது. வெள்ளைக் காரின் டிக்கி மூடியில், அறுத்த கிடாவின் ரத்தத்தில் தோய்த்துப் பதித்த ஒரு கையின் அச்சு.

ஏழே மாதத்தில் சாட்சி துருப்பிடித்துவிட்டது.

பெயிண்ட் பொங்கி உதிர்ந்து, கட்டை விரல் முதல் சுண்டு விரல் வரை செம்பழுப்பாக எழும்பி நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால், டிக்கிக்குள் அடைபட்ட யாரோ வெளியே வரத் தள்ளுவது போலிருந்தது.

வியாழக்கிழமை மகள் ரஷாவுக்கு நிச்சயதார்த்தம். தன்தாவிலிருந்து வரும் சம்பந்தி வீட்டார் கண் முன்னால் அவள் இந்தக் காரிலிருந்துதான் இறங்க வேண்டும்.

ரிஃபாத் வாரண்டிப் புத்தகத்தை கார் ஏஜென்சி மேலாளர் ஷவ்கியின் முன்னால் விரித்தார். "மூணு வருஷம். துருவுக்கும் சேர்த்துன்னு அச்சடிச்சிருக்கு."

"துரு தின்னு ஓட்டை விழுந்தாத்தான் பாஷா," என்றார் ஷவ்கி. வாடிக்கையாளர் எல்லாருமே அவருக்குப் பாஷாதான். "இது வெறும் மேல்தோல். அழகு சம்பந்தப்பட்டது. அழகுக்கு வாரண்டி கிடையாது."

"சரி, ஓட்டை எப்ப விழும்?"

ஷவ்கி பெயிண்டர் மஹ்ரூஸைப் பார்த்தார். முப்பது வருடமாகத் தகரத்தோடு குடித்தனம் நடத்தும் மஹ்ரூஸ், குனிந்து, நடுவிரல் இருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார்.

"இந்த வேகத்துல போனா ஆறு வருஷம்."

"கொஞ்சம் சீக்கிரமா துருப்பிடிக்க வழி இருக்கா?"

"ராஸ் அல்பர்ல கடலை ஒட்டி நிறுத்துங்க. ஆனா கடல் வாரண்டில வராது."

ரிஃபாத் பேரத்தில் இறங்கினார். மூன்று விரலைக் கம்பெனி ஏற்கட்டும், இரண்டு விரலைத் தான் ஏற்பதாகச் சொன்னார். பிறகு சரிபாதி என்றார். நடுவிரலை நீளவாக்கில் பிரித்துக்கொள்ளலாம். ஷவ்கி மசியவில்லை.

"நீங்க அறுத்தீங்க, நீங்க பதிச்சீங்க. ரத்தத்துல உப்பு இருக்கு, உப்பு பெயிண்டைத் தின்னுடுச்சு. கம்பெனியா பாஷா உங்களைக் கிடா அறுக்கச் சொல்லுச்சு?"

"ரத்தம்னு யார் கண்டது? தக்காளியா இருக்கலாம்."

சுவரோர நாற்காலியில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நஷ்வாவுக்கு அது பொறுக்கவில்லை.

"தக்காளியா? ஏன் ரஷா அப்பா, கிடா அறுத்ததைச் சொல்ல என்ன வெக்கம்? இவரே தன் கையால பதிச்சாரு சார். கல்லீரல் எங்கம்மா வீட்டுக்கு வந்துச்சு. ஒரு தொடை எங்கண்ணன் வீட்டுக்கு. மிச்சம் மொத்தத்தையும் அநாதை இல்லத்துல கொடுத்துட்டு வந்தாரு. ஊருக்கே தெரியும்."

"மேடமே சொல்லிட்டாங்க," என்று ஷவ்கி பேனாவைத் திறந்தார். காரணம் என்ற கட்டத்தில் 'வாடிக்கையாளரின் கிடா' என்று எழுதினார். "பெயிண்ட் அடிக்க ஆறாயிரம் ஆகும். கையெழுத்துப் போடுங்க பாஷா, புதன்கிழமை வண்டி ரெடி."

ரிஃபாத் மனைவியைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் மனைவியிடம் அடி, இன்னொரு பக்கம் ஆறாயிரம். அடிக்குக் காசு செலவில்லை.

"அது என் கை இல்ல," என்றார்.

விதை உடைபடும் சத்தம் நின்றது.

எழுந்துபோய் டிக்கி மேல் வலது கையை வைத்துக் காட்டினார். குட்டையான, சதைப்பிடிப்பான விரல்கள். துரு ஒவ்வொரு விரலையும் ஒரு கணு தாண்டி நின்றது.

"துரு பரவும் பாஷா. எவன் கையை வெச்சாலும் சின்னதாத்தான் தெரியும். இங்க பாருங்க."

ஷவ்கி தன் கையை வைத்தார்.

அச்சில் வார்த்த மாதிரிப் பொருந்தியது. வெளிப்பக்கம் வளைந்த அவருடைய சுண்டு விரல் உட்பட.

மஹ்ரூஸ் தொண்டையைச் செருமினார்.

"ஷோரூம் திறப்பு விழாவுக்குக் கன்னுக்குட்டி அறுத்தமே சார். வரிசையா நின்ன பன்னெண்டு வண்டிக்கும் நீங்கதானே... மறுநாளே நான் எல்லாத்தையும் கழுவிட்டேன். போயிடுச்சுன்னுதான் நெனச்சேன்."

"வாயை மூடுய்யா," என்ற ஷவ்கி, எழுதியதை இரண்டு கோடு போட்டு அடித்தார். புதன்கிழமைக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார். காசு வேண்டாம். மற்ற பதினோரு வண்டிக்காரர் காதில் விழாமல் இருந்தால் போதும்.

ரிஃபாத் ஜெயித்துவிட்டார்.

வண்டி எடுத்த அன்றே, கழுவியும் போகாமல் டிக்கியில் மங்கலாக நின்ற அந்தக் கையை அவர் பார்த்திருந்தார். வாங்கும் பொருளில் ஒரு குறையைக் கண்டும் விலையைக் குறைக்கச் சொல்லாமல் அவர் வாயை மூடிக்கொண்டது, வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். கிடா விலை பதினாலாயிரம் மிச்சம்.

நஷ்வா மடியிலிருந்த விதைத் தொலியைத் தட்டிவிட்டு எழுந்தாள். கத்தவில்லை.

"அப்ப எங்கம்மா தின்னது யாரோட கல்லீரல்?"

"கசாப்புக் கடையில எடை போட்டு வாங்கினதுதான். நல்ல கல்லீரல் நஷ்வா."

"தொடை?"

"அதுவும் அங்கதான்."

"வியாழக்கிழமை சம்பந்தி வர்றதுக்குள்ள நம்ம வாசல்ல ஒரு கிடா நிக்கணும். உசுரோட. எங்கம்மா தொட்டுப் பார்த்த அப்புறம்தான் கத்தி."

அவள் முன்னால் நடந்தாள். ரிஃபாத் பின்னால் நடந்தார். தெருவுக்கு வருவதற்குள் மனதுக்குள் கணக்கை முடித்துவிட்டார்.

வரவு: டிக்கி மூடி ஒன்று, புது பெயிண்ட்டுடன்.

ஏற்கெனவே கொடுத்தது: கல்லீரல் ஒன்று, தொடை ஒன்று.

பாக்கி: மூன்று கால் கிடா ஒன்று, கல்லீரல் நீங்கலாக.