நாலாவது படி

மொழியை வாயால்தான் பேச வேண்டும் என்பதை உலகில் முதன்முதலாக நிறுவியவன் நான்.

எங்கள் வீட்டில் ஒருத்தி மட்டும் இதை ஏற்கவில்லை. நர்ஸ் வேலை பார்க்கும் என் அக்கா, இத்தாலிய மொழியைக் காலால் பேசினாள்.

அவள் அறைக்கு ஏறும் மரப்படிகள் ஏழு. படிக்கு ஓர் அசை.

ஸொம், மி, னி, ஸ்த்ரான், தோ, ல்யே, லோ.

‘மருந்தை அவருக்குக் கொடுத்துக்கொண்டே’ என்பதை அந்த நாட்டுக்காரர்கள் ஒரே வினைச்சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். அழுத்தம் நான்காவது அசையில். அதனால் நாலாவது படியை மட்டும் தொம்மென்று மிதிப்பாள். வீடே அதிரும்.

“நடந்தே இத்தாலிக்கு வேலைக்குப் போயிடலாம்னு பாக்குறியா?”

“நாக்கு வழுக்குதுடா, கழுதை. கால் வழுக்காது.”

கல்லூரி மலரில் ‘காலால் பேசும் இனம்’ என்று ஆய்வுக் கட்டுரையே எழுதினேன். நல்ல வரவேற்பு.

அந்த வேலைக்கான முந்தைய இரண்டு மொழித் தேர்விலும், வாசிக்கும்போது அவள் அந்த ‘ஸ்’ஸை மூன்றாவது படியிலேயே விட்டுவிட்டு வந்தாள். ‘னிஸ்’ என்றாள். தோற்றாள்.

இன்று மூன்றாவது. இதுதான் கடைசி. இதிலும் போனால், அங்கே ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று வைத்திருக்கும் இடம் வேறொருத்திக்கு.

கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாரும் மேலே வராமல் பார்த்துக்கொள்ள, முதல் படியில் நான்.

நகத்தைக் கடித்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மறுபடி எழுந்தேன்.

உள்ளே கடகடவென்று வாசித்துக்கொண்டு வந்தவள் நின்றாள்.

“ஸொம்மி...”

மறுபடி. “ஸொம்மி... னிஸ்...”

லேப்டாப்பில் தேர்வாளர் தொண்டையைச் செருமுவது கதவு தாண்டிக் கேட்டது.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்குப் படி ஏது?

செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவதில், தொம்.

ஐந்து. ஆறு. ஏழு.

உள்ளே ஒரு மூச்சு இழுபட்டது. பிறகு ஏழு அசையும் வரிசையாக வந்தன. ‘ஸ்’ தன் படியில் நின்றது.

தேர்வாளர் ஏதோ சொன்னார். அக்கா அடுத்த வரிக்குப் போனாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நாலாவது படியை மிதிக்காமல் தாண்டி, பூனை மாதிரி கீழே இறங்கினேன்.

அடுத்த சொல்லுக்கும் யாராவது கீழேயிருந்துதானே ஏற வேண்டும்.